கோவில் வாசல் பந்தல்: ஒரு நிழலின் வரலாறு

வெயிலில் நின்றவனுக்கே நிழலின் அருமை தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. விழா மலர் என்றால் கோபுரத்தின் உயரம், மணியின் எடை, பீடத்தின் பளிங்குக்கல், கட்டியவர் பெயர், கொடுத்தவர் தொகை ஆகியவற்றை எழுதுவது வழக்கம். அவற்றை எழுத வேறு அன்பர்கள் உள்ளனர். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் எந்தக் கல்வெட்டிலும் இடம் பெறாதது. கொடியேற்றத்திற்கு முன் எழுந்து, கொடியிறக்கத்திற்குப் பின் அவிழ்ந்து, அடுத்த ஆண்டு மீண்டும் எழும் வாசல் பந்தலைப் பற்றியே எழுதுகிறோம்.

கோவிலுக்குள் இடம் பிடித்தவருக்குக் கூரை உண்டு. பந்தல், இடம் கிடைக்காமல் வெளியே நிற்பவருக்கு உரியது. கைக்குழந்தையோடு வந்த தாய், அடுத்த ஊரிலிருந்து நடந்து வந்து பிந்தியவர், முழந்தாளிட முடியாத முதியவர் ஆகியோருக்கு நாம் செய்யும் முதல் உபசரிப்பு நிழலே. அந்த நிழலை நம் மக்கள் எப்படிக் கட்டினார்கள், எதனால் கைவிட்டார்கள், இனி எப்படிக் கட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மலையும் வெயிலும்

"கொல்லிமலையில் வெயிலா? குளிருக்குப் போர்வை அல்லவா வேண்டும்?" என்று சமவெளி உறவினர் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் நம் நாடுகள் அமைந்துள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். நாமக்கல்லில் வியர்த்துக் கொட்டும் வேளையில் செம்மேட்டில் மர நிழலில் இருப்பவருக்கு இதமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் குறைவது காற்றின் சூடே தவிர, கதிரவனின் சூடு அன்று. மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து தூசும் குறைவதால் கதிர் இன்னும் கூர்மையாகவே இறங்குகிறது. தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு அளவு கூடும் என்பது அறிவியலார் கணக்கு. ஆகவே நம் மலையில் நிழலில் நின்றால் குளிரும், ஓர் அடி வெளியே வைத்தால் சுடும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. சமவெளியில் நிழலுக்குள்ளும் அனல் காற்று புகுந்துவிடும். அங்கே நிழல் பாதி மருந்துதான். மலையில் காற்று ஏற்கெனவே தண்மையானது. வெயிலை மட்டும் மறைத்துவிட்டால் போதும், மின்விசிறியும் வேண்டாம், குளிர்சாதனமும் வேண்டாம். பந்தலால் முழுப்பயன் பெறும் நிலம் எதுவென்று கேட்டால் நம் மலையைத்தான் சொல்ல வேண்டும். காப்பித் தோட்டக்காரர் இதை நன்கு அறிவார். காப்பிச் செடிக்கு நேர் வெயில் ஆகாது என்று சில்வர் ஓக் மரங்களை வளர்த்து, அவற்றின் மேல் மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுகிறோம். செடிக்குப் பார்க்கும் நிழலை மனிதருக்குப் பார்க்க மறந்துவிடலாகாது.

தமிழர் கண்ட பந்தல்

பந்தல் தமிழரின் பழஞ்சொத்து. சங்க நூல்களில் இது 'பந்தர்' என்று வழங்குகிறது. 'காவணம்' என்ற பெயரும் உண்டு. முல்லைக் கொடி பற்றிப் படரக் கொழுகொம்பு இன்றித் தவித்ததைக் கண்டு, தான் ஏறி வந்த தேரையே அதற்குப் பந்தலாக நிறுத்திவிட்டுப் போனான் பறம்புமலைப் பாரி. அந்தப் பாரியோடு கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக எண்ணப்படுபவன் நம் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. ஆடி 17, 18 நாட்களில் இன்றும் அவனுக்கு நம் மலையில் விழா எடுக்கிறோம்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில் அப்பூதி அடிகள் வரலாறு வருகிறது. திங்களூரைச் சேர்ந்த இவர், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். நீரை மட்டும் கொடுத்தால் போதாது, அருந்துபவன் சற்று நிற்க நிழலும் வேண்டும் என்று கருதியே 'தண்ணீர்ப் பந்தல்' என இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக்கினர் நம்மவர். கும்பகோணத்தை அடுத்த பட்டீச்சுரத்தில், கடும் வெயிலில் நடந்து வந்த சிறுவர் சம்பந்தருக்கு இறைவன் முத்துப்பந்தல் அனுப்பி நிழல் தந்தார் என்பது சைவ மரபு. ஆனி மாதத்தில் அங்கு முத்துப்பந்தல் விழா நடந்து வருகிறது. களைத்து வரும் அடியவனுக்கு ஆண்டவன் தரும் கொடை பொன்னும் அன்று, பொருளும் அன்று, நிழலே என்று எண்ணிய மனத்தை நாம் போற்ற வேண்டும்.

மன்னர்கள் இதையே கல்லில் செய்தனர். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், மீனாட்சியம்மன் கோவிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே புது மண்டபத்தைக் கட்டினார். அது கோடைக்கால வசந்த விழாவுக்கென எழுந்தது. மண்டபத்தைச் சுற்றி நீர் நிற்க அகழி போன்ற வாய்க்காலும் அமைத்தனர். நிழல், நீர், நாற்புறமும் திறந்த காற்று என்ற மூன்றையும் சேர்த்து வெயிலை வென்ற ஏற்பாடு அது.

நம் சொல்லும் கடல் கடந்தது. யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன்-சாப்சன்' என்ற இந்திய-ஆங்கிலச் சொல்லகராதியில் நம் 'பந்தல்' இடம் பெற்றுள்ளது. வெள்ளையர் இந்நாட்டில் வந்திறங்கிய நாளில் அவர்களை வரவேற்று நிழல் தந்தது பந்தல்தான். அச்சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

மறைநூலிலும் பிற நாடுகளிலும்

நம் மறைநூலைப் புரட்டினாலும் நிழலின் மணம் வீசுகிறது. ஆபிரகாம் நண்பகல் வெயிலில் வந்த மூவரை மரத்தடியில் அமரச் செய்து, பிறகே உணவு படைத்தார். நினிவே நகருக்கு வெளியே பந்தலிட்டு அமர்ந்த யோனாவுக்கு ஆண்டவர் ஒரு செடியை வளரச் செய்து நிழல் தந்தார். மறுநாள் அது பட்டுப்போனதும் இறைவாக்கினர் சாகவே விரும்பினார். இசுரயேல் மக்கள் ஆண்டுதோறும் ஒலிவ மரக் கிளையும் பேரீச்ச மர ஓலையும் கொண்டு குடில் கட்டி ஏழு நாள் தங்கினர். பாலைநிலத்தில் வாழ்ந்த நாட்களைப் பிள்ளைகள் மறவாதிருக்கவே இந்தக் கூடாரத் திருவிழா ஏற்பட்டது. கல்வீடு கட்டிய பின்னும் ஓலைக்குடிலை மறக்கலாகாது என்பது அதன் பொருள்.

உரோமை நகரில் கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசெயம் அரங்கின் உச்சியில் சுமார் 240 கம்பங்களை நிறுத்தி, கயிறு கட்டி, துணி விரித்து மக்களுக்கு நிழல் தந்தனர். அதை இழுத்துக் கட்டும் வேலைக்குக் கப்பற்படை மாலுமிகளையே அமர்த்தினர். பாய்மரத்தில் பழகிய கையே காற்றையும் கயிற்றையும் அறியும் அல்லவா? சுபெயின் நாட்டுச் செவில் நகரில் நற்கருணைப் பெருவிழாப் பவனி செல்லும் தெருக்களின் குறுக்கே, இருபுறத்து மாடிகளையும் இணைத்துத் துணிப்பந்தல் கட்டும் வழக்கம் உண்டு. நம் காலத்தில் மெதினா நகரின் பெரிய பள்ளிவாசல் முற்றத்தில் 250 மாபெரும் குடைகளை நிறுவியுள்ளனர். அவை காலையில் விரிந்து மாலையில் மடங்குபவை. சமயம் வேறு, மொழி வேறு. வழிபட வந்தவன் வெயிலில் வாடக்கூடாது என்ற எண்ணம் மட்டும் எங்கும் ஒன்றே.

மலையடிவாரத்தில் ஒரு வரலாறு

நம் மலையின் அடிவாரத்துக்குக் கிறிஸ்தவம் வந்த கதையும் ஓலைக் கூரையோடு தொடர்புடையது. மதுரையில் மண்சுவரும் ஓலைக்கூரையுமான குடிலில் துறவியாக வாழ்ந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி அடிகளார், 1623இல் வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலம் வந்தார். அங்கு ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். பின்னர் அடிகளார் சேலம் சென்றார். கொல்லிமலையை அண்ணாந்து பார்த்தபடி அவர் நடந்த பாதையில் இன்று பேருந்துகள் ஓடுகின்றன.

அந்நாளைய சிற்றாலயங்கள் பலவும் மண்ணும் ஓலையுமே. ஐம்பது பேர் கொள்ளும் கோவிலுக்குப் பெருவிழாவில் ஐந்நூறு பேர் வந்தால், கோவில் பீடத்துக்கு மட்டுமே இடமாகும். மக்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த நிலையில் வாசல் பந்தலே மெய்யான கோவில். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவாகி, அதன்பின் ஊர்தோறும் ஓட்டுக் கட்டடங்களும் காரைக் கட்டடங்களும் எழுந்தன. ஆயினும் திருவிழா நாளில் எந்தக் கோவிலும் போதுமான கோவிலாக இருந்ததில்லை.

மலையின் மேல் வேறொரு சபையார் செய்த பணியையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த ஜெசி பிராண்டும் அவர் துணைவியார் ஈவலினும் நம் மலைமக்களிடையே வாழ்ந்தனர். ஜெசி பிராண்டு 1929இல் கடுங்காய்ச்சலால் இங்கேயே இறந்தார். அவர்களுடைய மகன், 1914இல் பிறந்து இம்மலையில் வளர்ந்த பால் பிராண்டு, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்து உலகப்புகழ் பெற்ற அறுவை மருத்துவர். சிறுவனாக இருந்தபோது அவர் மரக்கிளையில் அமர்ந்து பாடம் எழுதி, எழுதிய தாளைக் கீழே இருந்த தாயிடம் போட்டுத் திருத்தி வாங்குவாராம். நம் மலையில் முதல் பள்ளிக்கூரை மரநிழல்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பந்தல் கட்டிய கை

பந்தல் கட்டுவது எளிய வேலை போலத் தோன்றும். கட்டிப் பார்த்தவருக்கே அதன் நுட்பம் தெரியும். நல்ல நாள் பார்த்து முதல் கால் ஊன்றுவர், இது பந்தக்கால். அதன்பின் சவுக்கு அல்லது மூங்கில் கால்களை வரிசையாக நட்டு, மேலே குறுக்கு மூங்கில் போட்டு, அதன்மேல் நெருக்கமாக வரிச்சுப் பரப்பி, கயிற்றால் பிணைப்பர். ஓர் ஆணியும் அடிப்பதில்லை. ஆணி அடித்த மூங்கில் பிளக்கும். கயிற்றில் கட்டிய மூங்கில் காற்றுக்கு அசைந்து கொடுத்து நிற்கும். கட்டும் நாரை நனைத்த பிறகே கட்டுவர். நனையாத நார் முறுக்கும்போது முறியும்.

அடுத்தது கீற்று. தென்னை மட்டையை நடுவே பிளந்து, நீரில் ஊறவைத்து, இதழ்களை ஒன்றுவிட்டு ஒன்று மடித்து முடைவர். இதை யாழ்ப்பாணத்தார் கிடுகு என்பர். வேயும்போது தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் மழைநீர் உள்ளே வழியும். நம் மலையில் மூங்கிலும் கூரைப்புல்லும் உண்டு. தென்னங்கீற்றுக்கோ சமவெளியையே நம்ப வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வருமுன் எந்தச் சுமையும் தலையில்தான் ஏறியது. ஆதலால் வீட்டுக்கு ஒரு கட்டுப் புல், தெருவுக்கு இத்தனை மூங்கில் என்று பங்கிட்டுக் கொடுத்துக் கட்டுவது பெரியோர் வழக்கம். வரி கொடுக்க இயலாத வீடும் ஒரு கட்டுப் புல் கொடுக்க இயலும். அந்தப் புல்லின் கீழ் எல்லாரும் ஒன்றாக அமர்ந்தனர்.

கீற்று வெறும் மறைப்பு அன்று. முடைந்த ஓலைகளுக்கு இடையே காற்று தங்குகிறது. அக்காற்றே வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு மெத்தை. ஓலை வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை. கீழே எழும் சூடான காற்று ஓலையின் நுண்ணிய இடுக்குகள் வழியே மேலே கசிந்து விடுகிறது. எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர் கண்டுபிடித்த பொறியியல் இது.

கீற்று போய்த் தகரம் வந்தது

காலம் மாறியது. கீற்று ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டிய பொருள், முடைபவர் குறைந்தனர், விலை ஏறியது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. ஓலை ஏழையின் அடையாளம் என்ற எண்ணம் பரவியது. முதலில் துணிப் பந்தலான சாமியானா வந்தது. பிறகு தார்ப்பாய், அதன்பின் தகரக் கொட்டகை, இப்போது பச்சை நிற நிழல்வலை என்று வரிசையாக வந்துவிட்டன.

தகரக் கொட்டகை மழைக்கு நல்லது, நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அதன்கீழ் நண்பகலில் அமர்ந்து மறையுரை கேட்டவர் யாரும் அதைப் புகழ்வதில்லை. உச்சி வெயிலில் தகரம் 60 டிகிரிக்கு மேலும் சுடும். அச்சூட்டை அது அப்படியே கீழே இருப்பவர் தலைமேல் வீசுகிறது. வெயில் தெரியவில்லை, வெப்பம் குறையவில்லை என்ற நிலை. தார்ப்பாயின் குறை வேறு. எங்கள் இளமையில் ஒரு திருவிழாவின்போது நான்கு பக்கமும் தரையோடு இறுக்கிக் கட்டிய தார்ப்பாய், மலைக்காற்று உள்ளே புகுந்ததும் பாய்மரம்போல் உப்பி, கால்களையும் பிடுங்கிக்கொண்டு பறந்தது. இறையருளால் எவருக்கும் காயமில்லை. "காற்றோடு சண்டை போடாதீங்க தம்பி, அதுக்கு ஒரு வாசல் விடுங்க" என்றார் அருகில் நின்ற பெரியவர் ஒருவர். அன்று அவர் சொன்னதன் முழுப்பொருள் பின்னர்தான் எங்களுக்குப் புரிந்தது.

தீ தந்த பாடம்

இனி எழுதுவது வருத்தம் தரும் பகுதி. எனினும் பந்தலின் வரலாற்றை எழுதுபவர் இதை விட்டுவிடலாகாது.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோவிலில், குடமுழுக்கை ஒட்டி அமைந்த யாகசாலைப் பந்தலில் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் இட்ட கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில், உணவு சமைக்கும் கூரையில் பற்றிய தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகளை நாம் இழந்தோம். அதன்பின் பள்ளிக் கட்டடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று தமிழக அரசு கட்டளையிட்டது.

நிழல் தர வேண்டிய கூரையே இத்தனை உயிர்களைக் கொண்டது ஏன்? உலர்ந்த ஓலை எளிதில் எரியும் என்பது ஒரு பாதிதான். எரியும் கூரையிலிருந்து மக்கள் விரைந்து வெளியேற முடியவில்லை என்பது மறுபாதி. ஒடுங்கிய படிக்கட்டும், கூட்டத்துக்குப் போதாத வாயிலும், பந்தலை ஒட்டிய அடுப்பும் மின்கம்பியும் சேரும் இடத்தில் எந்தக் கூரையும் ஆபத்தே. ஓலையை அகற்றிவிட்டு அதே இடத்தில் நெகிழித் துணியைக் கட்டினால் பாடம் கற்றவர்கள் ஆகமாட்டோம். நிழல்வலையும் தார்ப்பாயும் எரியாதவை அல்ல. அவை எரியும்போது உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு ஓலைச் சாம்பலைவிடக் கொடியது.

நிழலின் மூன்று விதிகள்

இத்தனை வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, நல்ல பந்தலுக்கு மூன்று விதிகள் உண்டென்று எங்களுக்குத் தோன்றுகிறது. வெயிலுக்குத் தடை, காற்றுக்கு வழி, மக்களுக்கு வழி.

முதலாவது, வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரைமேல் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். அது ஒரு மின் இஸ்திரிப் பெட்டிக்குச் சமம். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள முற்றத்தில் நூறு இஸ்திரிப் பெட்டிகளை மூட்டி வைத்தது போல! இந்தச் சூடு கண்ணாடி வழியே உள்ளே நுழைந்தபின் திரையிட்டுப் பயனில்லை. திரை சூடாகி அறையையும் சூடாக்கும். சன்னலுக்கு வெளியே தட்டி கட்டினால் அச்சூடு வெளியிலேயே போய்விடும். தகரக் கூரையின்மேல் ஓர் அடி இடைவெளி விட்டு நிழல்வலையை இழுத்துக் கட்டினாலும் உள்ளே வேறுபாடு தெரியும். தகரம் வெயிலைக் காணாது. இடைவெளியில் காற்றும் ஓடும்.

திசையும் அறிய வேண்டும். நம் மலை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 11 டிகிரியில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் நிற்பான். அந்நாட்களில் மேலே விரித்த பந்தல் போதும். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வெயில் பக்கவாட்டில் வரும். அப்போது மேற்கூரையால் பயனில்லை. கிழக்கிலும் மேற்கிலும் தொங்கு தட்டியோ, பீர்க்கு, அவரை, கோவைக் கொடி ஏறிய பந்தலோ வேண்டும். மாலைத் திருப்பலிக்கு மேற்குப் பக்கத்தை மறந்துவிட்டுக் கூரைமேல் பணத்தைக் கொட்டுவது பலரும் செய்யும் தவறு.

இரண்டாவது, காற்றுக்கு வழி. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. முந்நூறு பேர் கூடினால் முப்பது இஸ்திரிப் பெட்டிகள் பந்தலுக்கு உள்ளேயே வந்துவிட்டன! அச்சூடு மேலெழுந்து போக இடம் வேண்டும். எனவே பந்தலை உயர்த்திக் கட்ட வேண்டும். துணியை ஒரே பரப்பாக விரிக்காமல் இரண்டு பரப்பாகப் பிரித்து, நடு உச்சியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஓர் இடைவெளி விட வேண்டும். பக்கங்களைத் தரைவரை மூடலாகாது. இப்படிச் செய்தால் மலைக்காற்றும் பந்தலைத் தூக்காமல் ஊடே போய்விடும். பெரியவர் சொன்ன வாசல் இதுவே. கோடை மழைக்கு நீர் வழிய ஒரு பக்கம் சரிவும் வேண்டும். தட்டையாகக் கட்டிய தார்ப்பாயில் நீர் குளம்போல் தேங்கி, அதன் எடையே பந்தலைச் சாய்க்கும்.

மூன்றாவது, மக்களுக்கு வழி. இது ஏனைய இரண்டையும்விடப் பெரிது. எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது இரண்டு அகன்ற வாயில்கள் வேண்டும். அவற்றின் குறுக்கே நாற்காலியோ கடையோ கூடாது. சமையல் அடுப்பும் மின்னாக்கியும் பந்தலுக்கு எட்ட நிற்க வேண்டும். விளக்குக் கம்பியை மூங்கிலோடு சுற்றிக் கட்டலாகாது. வாணவேடிக்கை நடக்கும் இடத்துக்கும் பந்தலுக்கும் நடுவே திறந்த வெளி வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒற்றைப் படிக்கட்டு உள்ள மாடியில் பந்தலே வேண்டாம். இவற்றுக்குச் செலவு சிறிது, பொறுப்பே பெரிது. பந்தல் கட்டும் குழுவில் ஒருவருக்கு 'வழி காப்பவர்' என்று பொறுப்புக் கொடுத்து, திருவிழா முடியும்வரை அவர் வாயில்களைப் பார்த்துக்கொள்ளச் செய்வது நன்று.

முடிவாக

பந்தலின் வரலாறு ஒருவகையில் நம் சமூகத்தின் வரலாறு. வீட்டுக்கு ஒரு கட்டுப் புல் கொடுத்து எழுப்பிய பந்தலில் எல்லாருடைய கையும் இருந்தது. இன்று ஒரு தொகையைக் கொடுத்து ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம்; காலையில் வந்து பார்த்தால் பந்தல் நிற்கிறது. அது எப்படி நிற்கிறது, எங்கே வழி இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்காத பந்தலே ஆபத்தான பந்தல். பழைய ஓலைக்குத் திரும்புங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய அக்கறைக்குத் திரும்புவோம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இந்த விழா ஆண்டில் ஒரு சிறு யோசனையையும் முன்வைக்கிறோம். கோவில் முற்றத்தின் மேற்குப் பக்கத்தில், ஆண்டுதோறும் பந்தக்கால் ஊன்றத் தோண்டும் இடங்களில் பலா, வேம்பு, புங்கன் என்று ஒரு வரிசை மரம் நடுவோம். பந்தல் பத்து நாள் நிழல். மரம் தலைமுறை நிழல். கன்று வளரும்வரை பந்தல் காக்கட்டும். வளர்ந்தபின் பந்தலின் வேலையை மரம் ஏற்கட்டும்.

நெடுங்காலமாகத் தோளில் மூங்கில் சுமந்தும், கையில் நார் முறுக்கியும், கூரைமேல் வெயிலில் அமர்ந்து கீழே பிறருக்கு நிழல் கட்டியும் தந்த பெயர் தெரியாத பெரியவர்கள் அனைவருக்கும் இம்மலர் வாயிலாக எங்கள் நன்றியை உரித்தாக்குகிறோம். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆயினும் அடுத்த திருவிழாவில் பந்தலின்கீழ் அமரும்போது, ஒரு நொடி அண்ணாந்து பார்த்து அவர்களை நினைத்துக்கொள்வோம். அப்படியே வாயில் எங்கே என்றும் பார்த்துக்கொள்வோம்.